கோல்ஃப் மைதானத்தில் அக்கா

பந்தைத் தேடிப் போனவர்கள் நாங்கள் மூன்று பேர். கண்டுபிடித்தவர் அக்கா. ஆனால் அவர் அதை எடுக்கவில்லை.

சைப்பிரஸ் தீவின் மேற்குக் கரையில், கடலைப் பார்த்துச் சரியும் ஒரு கோல்ஃப் மைதானம். கம்பளம் போல வெட்டிய புல்லுக்கு இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டிருந்தார்கள். சுதன் அடித்த பந்து அதற்குள் போய் விழுந்தது. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், அதற்குள் அகப்படாவிட்டால் பந்து தொலைந்ததாகக் கணக்கு என்று சொல்லிக்கொண்டே அவன் புல்லை மிதித்துக்கொண்டு ஓடினான். அவன் மகள் திவ்யாவும் நானும் பின்னால் ஓடினோம். அக்கா ஓரத்திலேயே நின்றார். இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு ஒரு முழம் தள்ளி வலமிருந்து இடமாகப் பார்த்தார். பிறகு குந்தி, இரண்டு கைகளாலும் புல்லைப் பிரித்துப் பிரித்து உள்ளே போனார். ஓரிடத்தில் காய்ந்த குச்சி ஒன்றை நிலத்தில் குத்திவிட்டு, போன வழியாலேயே திரும்பி வந்தார்.

"கிடக்குது," என்றார்.

"எடுங்கோவன் அக்கா! நேரம் போகுது!"

"காணுறவை எடுக்கிறேல்லை. அடையாளம் போட்டிட்டு வாறதுதான். பொறுப்பானவர் வந்து எடுக்கட்டும்."

சுதன் என் பக்கம் திரும்பினான். "இஞ்சை ஆரடா பொறுப்பானவர்?"

"நீதான். உன்ர பந்து," என்றேன்.

அவன் போய்ப் பார்த்தபோது இன்னும் இரண்டு குச்சிகள் நின்றன. யாரோ எப்போதோ தொலைத்துவிட்டுப் போன பந்துகள். அன்று மாலைக்குள் எங்களுக்குப் பின்னால் விளையாடிய வெள்ளைக்காரக் கிழவர்கள் தங்கள் பந்துகளையும் தேடித் தரும்படி அக்காவை அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவரும் போனார். அந்த ஒரு கிழமையில் அவர் கொஞ்சமாவது நிம்மதியாக இருந்தது அந்த வேலையில்தான்.

அக்கா எனக்குச் சொந்த அக்கா அல்ல. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த சுதனின் அக்கா. சுதன் லண்டனுக்குப் போய்க் குடும்பமானான். நான் கிளிநொச்சியில் ஒரு பத்திரிகையின் நிருபரானேன். அக்கா பளைக்கு அப்பால், ஒரு காலத்தில் இரண்டு படைகளின் காவலரண்கள் எதிரெதிரே நின்ற மணல் வெளியில், மிதிவெடி அகற்றும் அணியில் சேர்ந்தார். விடிய முன்னர் லொறியில் ஏறி, வெயிலுக்குள் முகக்கவசத்தோடு முழங்காலில் இருந்து, ஒரு நாளைக்குச் சில அடி நிலத்தை விரல்களால் அறிந்துவிட்டு வீட்டுக்கு வருவார். அவரைக் கடைசியாகக் கண்டு சில வருடங்களாகிவிட்டன. நினைக்கும்போதெல்லாம் முதலில் வருவது முகமல்ல. ஒரு காலை முன்னுக்கு வைப்பதற்கு முன் அவர் எடுக்கும் அந்த அரை நொடி.

பளையில் அவருடைய வீட்டு முற்றத்தில் ஒரு புல் முளைக்காது. முளைத்தால் பின்னேரத்துக்குள் பிடுங்கிவிடுவார். படலையிலிருந்து குசினி வரைக்கும் அவர் நடந்து நடந்து பதிந்த ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. யாராவது குறுக்கால் நடந்தால், "பாதை இருக்குத்தானே, பிறகேன் அதால வாறியள்?" என்று கேட்பார். ஏ-9 வீதியில் வவுனியாவுக்கு பஸ்ஸில் போகும்போது மாங்குளத்தில் தேநீருக்கு நிறுத்துவார்கள். கூட்டம் முழுவதும் வீதியோரத்துக்கு இறங்கிக் கலையும். அக்கா தார் விளிம்பில் செருப்பின் நுனி பட நின்று கையை நீட்டித் தேநீரை வாங்குவார். மற்றப் பெண்கள் பற்றைப் பக்கம் ஒதுங்கும்போது கூப்பிட்டால், "எனக்கு அவசரமில்லை" என்பார். வவுனியா வரைக்கும் அவருக்கு அவசரமே இருக்காது. பஸ் நின்றதும் முதல் ஆளாக ஓடுவார்.

இவ்வளவுக்கும் அவர் பயந்தவர் அல்ல. அதைத்தான் பலர் பிழையாக விளங்கினார்கள். தான் பார்த்த நிலத்தில் அவர் படுத்து நித்திரை கொள்வார். பார்க்காத நிலத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டார். "எப்பிடி அக்கா, இந்தப் பக்கம் பிரச்சினை இல்லையோ?" என்று யாராவது கேட்டால் அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான் பாக்கேல்லை."

ஒருமுறை எங்கள் பத்திரிகையில் ஒரு கிராமத்தைப் பற்றி 'மிதிவெடி அபாயம் முற்றாக நீங்கியது' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தேன். மறுநாள் காலை ஸ்கூட்டரில் கிளிநொச்சிக்கு வந்துவிட்டார். கையில் வெட்டிய செய்தி. 'முற்றாக' என்ற சொல்லின் கீழ் நீல மையால் கோடு.

"இது ஆர் சொன்னது?"

"அதிகாரி ஒருத்தர் சொன்னவர் அக்கா."

"அவர் 'முற்றாக' எண்டு சொன்னவரோ?"

குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. வசனம் நன்றாக விழுவதற்காக நான் போட்டது.

"நாங்கள் குறிச்ச ஆழத்துக்குத்தான் பாக்கிறனாங்கள். அதுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. உனக்கெப்பிடித் தெரியும், பேப்பர்?"

கோபம் வந்தால் என்னை அவர் அழைப்பது அப்படித்தான்.

"ஒரு சொல்லுக்குத் திருத்தம் போடமாட்டினம் அக்கா."

"ஒரு சொல்லை நம்பித்தானே சனம் மாட்டையும் அவிட்டுக்கொண்டு காணிக்குள்ள இறங்குது."

திருத்தம் வந்தது. நான்கு வரி, உள்பக்கத்தில். அதை வெட்டி அவர் வைத்திருந்ததாகப் பிறகு அறிந்தேன்.

சைப்பிரஸ் பயணத்துக்கு வெளிக்காரணம் சுதனின் ஐம்பதாவது பிறந்தநாள். வசதியானவர்கள் போகும் இடம் அது. மலைச்சரிவில் வீடுகள், வீட்டுக்கொரு நீச்சல் குளம், மைதானத்தைச் சுற்றிவர மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டிகள். அக்காவைத் தனியே விமானத்தில் அனுப்பச் சுதனுக்கு மனமில்லை. துணைக்கு என்னையும் அழைத்தான். உள்காரணத்தைத் தொலைபேசியில் சொன்னான்.

அவர்களுடைய தகப்பனின் தென்னங்காணி ஒன்று அந்தப் பழைய காவலரண் வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது. வேறொரு மிதிவெடி அணி அதைத் துப்புரவாக்கி, அபாயமில்லை என்ற கடிதத்தோடு கையளித்திருந்தது. அங்கே வீடு கட்டவேண்டும், டிசம்பரில் குடும்பத்தோடு வந்து அத்திவாரம் போடவேண்டும் என்பது சுதனின் ஆசை. தடையாக இருந்தவர் அவன் மனைவி. "கடிதம் சொன்னால் நான் பிள்ளையைக் கூட்டி வரமாட்டன். அக்கா சொன்னால் வருவன்" என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அக்காவோ எட்டு மாதமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாக்கேல்லை.

"ஒரு கிழமை புல்லுக்குள்ள விட்டால் சரியாகும் மச்சான்," என்றான் சுதன். "நிமிந்து நடக்கட்டும். நிமிந்து நடந்தா எண்டால் 'ஓம்' எண்டு சொல்லுவா."

முதல் நாள் விடிய நாலரைக்கு அக்கா உடுத்திக்கொண்டு விடுதி வாசலில் நின்றார். காவலாளி எங்கே போகவேண்டும் என்று கேட்டானாம். லொறி வரும் நேரம் என்று பழக்கத்தில் தமிழில் சொல்லிவிட்டாராம். காலைச் சாப்பாட்டில் இதைச் சொல்லித் தானே சிரித்தார். ஆனால் மறுநாளும் அதே நேரத்துக்கு எழும்பினார். நீச்சல் குளத்துச் சாய்கதிரையில் அவரால் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கட்டிலை விரிப்பார். துப்புரவுப் பெண் வருவதற்கு முன் அறையைக் கூட்டுவார். திரும்பி வந்து இருப்பார். மறுபடி எழும்புவார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சுதன் தொலைபேசியில் காலநிலை பார்ப்பதும் அக்காவைப் பார்ப்பதுமாக இருந்தான்.

மைதானத்தில் அவருக்குப் பிடிபடாத விடயங்கள் இரண்டு. முதலாவது, "இவ்வளவு புல்லும் ஆருக்கு? ஒரு மாட்டையும் காணேல்லை." இரண்டாவது, மணல் குழிகள். பந்து குழிக்குள் விழுந்தால் இறங்கி அடித்துவிட்டு, தன் காலடித் தடங்களை ஒரு வாரியால் இழுத்து அழித்துவிட்டு ஏறவேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. அடுத்து வருபவருக்கு மணல் சமமாக இருக்கவேண்டுமாம். சுதன் வாரியோடு குனிந்ததை அக்கா முகம் சுளித்துப் பார்த்தார்.

"நடந்த தடத்தை ஏனடா அழிக்கிறாய்? பின்னால வாறவனுக்கு எங்க கால் வைக்கிறதெண்டு என்னண்டு தெரியும்?"

"இது அப்பிடியான இடம் இல்லை அக்கா. எங்கையும் வைக்கலாம்."

"ஓமோ," என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சுதன் என்னை அவரிடம் அனுப்பினான். மேல் மாடி விறாந்தையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

"உன்னை அனுப்பிவிட்டவனோ?"

"ஓம்."

"என்ன சொல்லச் சொன்னவன்?"

"அந்த அணி பிழையான அணியோ எண்டு கேக்கச் சொன்னவன்."

"நல்ல அணி. அதில வேலை செய்த பிள்ளையள் ரெண்டு பேர் நான் பழக்கினவை. பிழை எண்டு நான் எங்க சொன்னனான்? நான் பாக்கேல்லை எண்டுதான் சொல்லுறன்."

"அப்ப நீங்களே ஒருக்காப் பாக்கலாமே அக்கா?"

"கையளிச்ச காணிக்குள்ள திரும்ப அணி இறக்கமாட்டினம். எனக்குத் தனிய இறங்கேலாது. வைத்தியர் பக்கத்தில, அம்புலன்ஸ் வாசல்ல. அதில்லாமல் ஒருத்தரும் முழங்காலில இருக்கப்படாது. அது எங்கட சட்டம். பதினொரு வருசமா ஒரு நாளும் அதை மீறினதில்லை." கடல் பக்கம் திரும்பினார். "அவன்ர மனிசி என்ர வாய்ச் சொல்லை நம்பிப் பிள்ளையைக் கொண்டு வரப்போறா. அந்தப் பிள்ளை அதுக்குள்ள ஓடும். நான் சும்மா ஒரு சொல்லைச் சொல்லேலுமோ? நீயே சொல்லு."



நான்காம் நாள் திவ்யாவுக்கு விளையாடப் பழக்கினார்கள். பதின்மூன்று வயது. மட்டையை முற்றம் கூட்டும் தும்புத்தடி மாதிரிப் பிடித்தாள். அவள் அடித்த பந்து உருண்டு ஒரு குளத்தின் கரைக்குப் போனது. கரையைச் சுற்றித் தலையில் சிவப்புப் பூசிய கட்டைகள் நட்டிருந்தன. நீர் இருக்கிறது, அதற்குள் பந்து போனால் ஒருமுறை கூடுதலாக அடித்ததாகக் கணக்கு என்று கோல்ஃப் விளையாடுபவர்களுக்குக் காட்டும் கட்டைகள். அக்காவின் வேலையிடத்திலும் சிவப்புத் தலைக் கட்டைகள் உண்டு. அவற்றுக்கு இந்தப் பக்கம் பார்த்த நிலம். அந்தப் பக்கம் பார்க்காத நிலம். திவ்யா சிரித்துக்கொண்டு கட்டைகளைத் தாண்டி ஓடினாள்.

"அசையாதை!"

அக்காவிடமிருந்து அப்படியொரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மைதானத்தின் அடுத்த வரிசையில் மட்டையை ஓங்கியவர்கூட அப்படியே நின்றார். திவ்யா ஒரு குதிக்காலைத் தூக்கியபடி நின்றாள்.

"தூக்கின காலைத் தூக்கினபடி வைச்சிரு. கீழ விடாதை. மாமி வாறன்."

முழங்காலில் விழுந்தார். கட்டையிலிருந்து திவ்யா வரைக்கும் எட்டு அடிகூட இராது. புல்லை விரலால் பிரித்து, உள்ளங்கையால் தடவி, ஒரு சாண் முன்னேறி, மறுபடி பிரித்து. சுதன் கத்தினான். "அக்கா! எழும்புங்கோ! சனம் பாக்குது!" அவர் கேட்டதாகவே தெரியவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். தொழில் பழக்கம். ஏழு நிமிடம். பின்னால் மூன்று வண்டிகள் காத்து நின்றன. ஏழாவது நிமிடத்தில் அக்கா திவ்யாவின் தூக்கிய காலைக் கையில் பிடித்து, தான் தடவிய இடத்தில் வைத்தார். பிறகு தோளைப் பிடித்துத் திருப்பி, வந்த வழியால் கட்டைக்கு வெளியே கொண்டுவந்தார். அக்காவின் இரண்டு முழங்காலிலும் பச்சைக் கறை.

திவ்யா அழவில்லை. "மாமி, அங்க என்ன இருந்தது?" என்று கேட்டாள்.

அக்கா திரும்பிக் குளத்தைப் பார்த்தார். வாத்து ஒன்று நீந்திப் போனது. அப்போதுதான் அவருக்கு இடம் விளங்கியது என்று நினைக்கிறேன்.

"ஒண்டும் இல்லையம்மா," என்றார்.

சுதன் எங்களை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னான். "நீங்கள் 'ஓம்' சொல்லாட்டிலும் பரவாயில்லை அக்கா. நாங்கள் வராமல் விடுறம். காணி கிடக்கட்டும்."

"எனக்குத் தெரியும்டா, அது விளையாட்டு மைதானம் எண்டு. கட்டையைக் கண்ட உடன..."

"உங்களைத் திருத்தலாமெண்டு கூட்டி வந்தனான்," என்றான் சுதன். குரல் தாழ்ந்துவிட்டது. அதட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார்.

மிச்ச மூன்று நாளும் யாரும் காணியைப் பற்றிக் கதைக்கவில்லை. நடந்தது வேறொன்று. திவ்யா புல்லில் கால் வைக்கவில்லை. வண்டிகள் ஓடும் சீமெந்துப் பாதையில் மட்டும் நடந்தாள். கேட்டால் சப்பாத்து ஈரமாகும் என்றாள். காலைச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் எல்லோரும் புல்லைக் குறுக்கறுத்துப் போக, அவள் சுற்றிவந்தாள். ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். அக்கா மேசையில் இருந்து அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த பாண் துண்டைத் தட்டில் வைத்தார். பிறகு அதைத் தொடவில்லை.

"ஆர் இவளுக்குப் பழக்கினது?" என்று என்னிடம் கேட்டார். 

இன்று அந்தக் காணியில் வீடு நிற்கிறது. நீலத் தண்ணீர்த் தாங்கி, முன்னால் செம்பரத்தை வேலி. டிசம்பரில் அக்காவின் சொல்லை நம்பித்தான் வந்து அத்திவாரம் போட்டார்கள். அந்தச் சொல் எப்படி வந்தது என்பதைச் சுதனுக்கு நான் இதுவரை சொல்லவில்லை.

சைப்பிரஸிலிருந்து திரும்பி நான்கு மாதம் இருக்கும். மழை தொடங்குவதற்கு முன். பயணத்தில் எடுத்த படங்களைக் கொடுக்கலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். ஆளில்லை. வருடாந்த விடுமுறை எடுத்திருக்கிறார், காலையில் காணிப் பக்கம் போனவர் என்று அயலில் சொன்னார்கள். மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

காணிக்குள் அக்கா நடந்துகொண்டிருந்தார். காலில் வேலைக்குப் போடும் சப்பாத்து இல்லை. வீட்டில் போடும் றப்பர் செருப்பு. ஒரு தென்னையிலிருந்து அடுத்த தென்னைக்கு நேராக, பின்பாதத்தின் விரலில் முன்பாதத்தின் குதி முட்ட, இடைவெளி விடாமல். வரிசை முடிந்ததும் ஒரு பாத அகலம் தள்ளி நின்று, திரும்பி, அதே போல வந்தார். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் முழுப் பாரத்தையும் இறக்கி ஒரு கணம் நின்றார். அவர் என்ன செய்கிறார் என்பது எனக்கு விளங்கச் சில நொடிகள் சென்றன. விளங்கியதும் கத்தினேன்.

"அக்கா! என்ன செய்யிறியள்?"

"நடக்கிறன்."

"வெளிய வாங்கோ. இது சட்டத்துக்குப் பிழை."

"முழங்காலில இருந்து கிண்டினால்தான் பிழை. சொந்தக் காணிக்குள்ள நடக்கிறதுக்கு ஆர்ட்டை அனுமதி கேக்கிறது?" திரும்பாமலே சொன்னார். "நீ றோட்டில நில். உள்ள வராதை."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒன்பது நாள் என்றார். முன்பக்கம் முடிந்தது, வீடு வரும் இடம் முடிந்தது, கிணற்றடி முடிந்தது. பின்மூலை மட்டும் மிச்சம். திவ்யாவை அங்கே மட்டும் ஓடாமல் இருக்கச் சொல்லலாமே என்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் ஓடாதே என்று இனித் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

உள்ளே ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். அவர் நடந்து முடித்த இடம்தான் எனக்கும் அவருக்கும் இடையில் கிடந்தது. அது எனக்குத் தெரிந்தும் என் கால் தாரை விட்டு இறங்கவில்லை.

"பேப்பர்," என்றார் சற்றுப் பொறுத்து. கோபமில்லாமல் அவர் அப்படி அழைத்தது அந்த ஒரு தடவைதான். "இன்னும் மூண்டு நாளில முடிஞ்சிடும். அவனுக்கு எடுத்துச் சொல்லு, டிசம்பருக்கு ரிக்கற் போடட்டாம். அக்கா ஓம் எண்டிட்டா எண்டு சொல்லு. இதைச் சொல்லாதை."

"முடிஞ்ச பிறகு சொல்லுறனே?"

"இப்ப சொல்லு. பிறகு ரிக்கற் விலை ஏறிப்போம்."

வீதியில் நின்றபடியே சுதனுக்கு அழைத்தேன். லண்டனில் விடிந்திருக்கவில்லை. நித்திரைக் குரலில் எடுத்தான். சொன்னேன். மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. மனைவியைத் தட்டி எழுப்புவது கேட்டது. பிறகு அவன் சத்தமாகச் சிரித்தான்.

"பாத்தியோ மச்சான்? நான் சொன்னனான்தானே. ஒரு கிழமை கோல்ஃப் மைதானத்தில விட்டதுக்கு ஆள் மாறிட்டா. இப்ப நிமிந்து நடக்கிறாவோ?"

அக்கா பின்மூலைக்கு வந்துவிட்டிருந்தார். தலை நிமிர்ந்திருந்தது. கண் எதிர்த் தென்னையில் இருந்தது. கீழே அவர் பார்க்கவேயில்லை.

"ஓம்," என்றேன்.

அவர் அடுத்த அடியை வைத்தார்.